நோட்டுப் புத்தகமும் மருந்து டப்பாவும்

நோயாளியைப் பற்றிய செய்திக்கு அடியில் ‘பெயர் மாற்றப்பட்டுள்ளது’ என்று நிருபர்கள் நாம் ஒரு வரி போடுகிறோம். போட்டதும் கடமை முடிந்தது என்று ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. கொங்குப் பக்கம் அந்த நிம்மதி செல்லாது. இங்கே ஓர் ஆளை அடையாளம் கண்டுபிடிக்கப் பேரே தேவையில்லை.

உதாரணத்துக்கு ஒரு பத்தியைக் கற்பனை செய்துகொள்வோம். ‘காங்கயம் அருகே எண்ணெய் மில்லில் கணக்கு எழுதும் 43 வயதுப் பெண் அவர். லாரி ஓட்டிய கணவர் இரண்டு வருடம் முன்பு இறந்துவிட்டார். மூத்த மகள் ஈரோட்டில் நர்சிங் படிக்கிறாள். வருடம் தவறாமல் குலதெய்வக் கோயில் பொங்கலுக்குப் போகிறவர், நோய் தெரிந்த பிறகு இந்த வருடம் போகவில்லை.’ நன்றாக எழுதப்பட்ட பத்திதான். படிக்கிறவருக்கு ஒரு முகம் கிடைக்கிறது. அந்த ஊர்க்காரருக்கோ வீட்டு வாசலே கிடைத்துவிடுகிறது. காங்கயத்தைச் சுற்றி எண்ணெய் மில்கள் நிறைய உண்டு. ஆனால் அங்கே கணக்கு எழுதும் பெண்கள் எத்தனை பேர்? அவர்களில் லாரி டிரைவரின் மனைவி எத்தனை பேர்? மகள் நர்சிங் படிப்பது அடுத்த வடிகட்டி. கோயில் பேரையும் சேர்த்து எழுதிவிட்டால் முடிந்தது கதை. ‘உங்களுக்கு எந்தக் கோயிலுங்க?’ என்ற ஒரே கேள்வியில் கூட்டத்தை, அதாவது குலப் பிரிவை, தெரிந்துகொள்ளும் மண் இது.

இதைச் சரிசெய்யப் பொய் எழுத வேண்டியதில்லை. 43ஐ 50 ஆக்கினால் அது பொய். ‘நாற்பதுகளில் இருப்பவர்’ என்றால் உண்மை, அதே சமயம் மங்கலானது. காங்கயம் என்பதைத் ‘திருப்பூர் மாவட்டம்’ என்று விரிக்கலாம். எண்ணெய் மில் கணக்கு என்பதைச் ‘சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்’ என்று தளர்த்தலாம். மகளின் படிப்பைச் சொல்லி நோய் பற்றி ஒன்றும் கூடுதலாகத் தெரியப்போவதில்லை என்றால் அந்த வரி போகட்டும். கோயிலுக்குப் போகவில்லை என்பதை மட்டும் விட எனக்கு மனம் வராது. நோயைவிட ஊர்ப் பார்வைக்கு அவர் அதிகம் பயந்தார் என்பதை அந்த ஒரு வரிதான் சொல்கிறது. கோயில் எது, எந்த ஊர் என்பதை எடுத்துவிட்டு, ‘சொந்தபந்தம் கூடும் விசேஷத்துக்குப் போகவில்லை’ என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு அவரிடமே கேட்க வேண்டும்: “இதைப் படிச்சா உங்க ஊர்ல ஆருக்கெல்லாம் நீங்கதான்னு தெரிஞ்சுபோகுமுங்க?” எந்த ஆசிரியரும் கண்டுபிடிக்காத ஓட்டையை அவர் ஒரு நொடியில் காட்டிவிடுவார்.

படமும் அப்படித்தான். முதுகைக் காட்டி நிற்க வைத்து எடுத்தால் முகம்தான் மறையும். சேலை, வளையல், வாசல் கேட், பின்னால் நிற்கும் டிவிஎஸ் எக்ஸெல்லின் நம்பர் எல்லாம் பேசிவிடும். வீடியோவில் குரலை மாற்றாமல் முகத்தை மட்டும் மங்கலாக்குவது கதவைத் திறந்துவைத்துவிட்டு ஜன்னலுக்குத் திரை போடுவது மாதிரி.

சட்டமும் இங்கே கறாராகவே இருக்கிறது. எச்ஐவி இருப்பதை ஒருவரின் சம்மதமில்லாமல் வெளியிடுவதை 2017ஆம் ஆண்டின் எச்ஐவி தடுப்புச் சட்டம் தடுக்கிறது. அதே ஆண்டு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 24ஆவது பிரிவு, மனநல சிகிச்சையில் இருப்பவரின் படமோ விவரமோ அவர் சம்மதமின்றி ஊடகத்தில் வரக் கூடாது என்கிறது. போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு, குழந்தையின் பேரை மட்டுமல்ல, பள்ளி, குடும்பம், தெரு என்று அடையாளம் காட்டும் எதையும் அனுமதிப்பதில்லை. இவற்றை வழக்குக்குப் பயந்து தெரிந்துவைத்திருப்பதைவிட, ஒருவர் மனசு இளகிப் பேசும் நேரத்தில் நம் கையில் என்ன ஒப்படைக்கிறார் என்று புரிந்துகொள்ளத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

அந்த இளகின நேரம் தானாக வருவதில்லை. எங்கே உட்கார்ந்து, எப்போது, எதைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே வரும். கோவையில் முதல் நூற்பாலை 1888இல் வந்தது. அன்றிலிருந்து பஞ்சுத் தூசி இந்த ஊர்களின் நுரையீரலுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. ‘பிசினோசிஸ்’ என்பது அதனால் வரும் நுரையீரல் நோயின் பேர். தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையில் தொழில்சார் நோயாக இடம்பெற்றது. இதை எழுதப் போகும் நிருபர் செய்யும் முதல் தவறு, “இருமல் இருக்குதுங்களா?” என்று கேட்பது. இருமல் யாருக்குத்தான் இல்லை. இந்த நோய்க்கென்று ஒரு நடை உண்டு. ஆரம்பத்தில், ஓய்வு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள்தான் நெஞ்சு இறுகும். அடுத்தடுத்த நாள் தேவலை போல இருக்கும். அதனால்தான் பழைய புத்தகங்களில் இதைத் ‘திங்கட்கிழமைக் காய்ச்சல்’ என்பார்கள். புத்தகத்தில் படித்துவிட்டுப் போய்த் “திங்கட்கிழமை எப்படி இருக்கும்?” என்று கேட்டால் இரண்டாவது தவறு. இன்றைய மில்லில் வார லீவு ஆளுக்கொரு நாள் வரும். கேட்க வேண்டிய விதம் இது:

“ஏனுங்கய்யா, லீவு முடிஞ்சு மொத ஷிப்ட்டுக்கு உள்ள போறப்ப நெஞ்சு எப்பிடி இருக்குமுங்க?”

“கல்லத் தூக்கி வெச்சாப்பல இருக்குமுங்க தம்பி. பொழுதோட ரொம்ப ஆகிப்போகும். மக்யா நாளு கொஞ்சம் பரவால்லீங்க.”

‘மக்யா நாளு’ என்றால் மறுநாள். இப்படி ஒரு பதில் வந்தால் பேனாவை நிறுத்தக் கூடாது. எந்தப் பிரிவில் எத்தனை வருடம் என்று தனித்தனியாக எழுத வேண்டும். பேல் என்ற பஞ்சுப் பொதியை உடைக்கும் இடம், பஞ்சைச் சுத்தம் செய்யும் புளோ ரூம், பஞ்சைச் சீவும் கார்டிங் ஆகியவற்றில் தூசி அதிகம். நூலைச் சுற்றும் கோன் வைண்டிங்கில் அந்த அளவு இருக்காது. ‘மில்லில் 22 வருடம்’ என்று மொத்தமாக எழுதினால் மருத்துவருக்கும் பயனில்லை, இழப்பீடு கேட்கும் வக்கீலுக்கும் பயனில்லை. பீடி எத்தனை கட்டு, வீட்டில் விறகடுப்பா கேஸா, முன்பு டிபி மாத்திரை சாப்பிட்டதுண்டா என்பதையும் கேட்டு எழுத வேண்டும். இந்த நோய்க்கென்று தனி அடையாளம் எதுவும் எக்ஸ்ரேயில் தெரியாது. அதனால் ஆஸ்துமா, பீடிப் பழக்கம் என்று எளிதில் ஒதுக்கிவிடுவார்கள். ஷிப்ட்டுக்கு முன்னும் பின்னும் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையும் வேலை வரலாறும் சேர்ந்துதான் நோயைக் காட்டும். அந்த வேலை வரலாற்றைக் கோத்து எழுதக்கூடிய முதல் ஆளாகச் சில சமயம் நிருபர் அமைந்துவிடுகிறார்.

இந்தப் பேச்சை மில் வாசலில் வைத்துக்கொள்ளக் கூடாது, மேஸ்திரி பார்ப்பார். வீட்டுத் திண்ணையில் மகன், மருமகள் முன்னாலும் கூடாது. மூச்சு வாங்குகிறது என்பதை வீட்டில் மறைத்துத்தான் பலர் ஷிப்ட்டுக்குப் போகிறார்கள். விசைத்தறிக் கூடம் என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. பல்லடம், சோமனூர் பக்கம் தறிச் சத்தத்தில் ரெக்கார்டரில் ஒன்றும் விழாது. எட்டு மணி நேர வேலைக்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு 90 டெசிபல். அதைத் தாண்டும் கூடத்தில் வருடக்கணக்கில் நின்றவருக்குக் காது மந்தமாகியிருக்கலாம். அவர் தலையாட்டினால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாமல், கேள்வி காதில் விழுந்ததா என்று பார்க்க வேண்டும். வேப்பமரத்தடிக்கு வந்து, முகத்துக்கு நேராக, மெதுவாகக் கேட்க வேண்டும். ‘இதைப் பேப்பரில் போடலாமா?’ என்ற கேள்வியை ஆரம்பத்தில் ஒரு முறையும், எல்லாம் பேசி முடித்த பிறகு இன்னொரு முறையும் கேட்க வேண்டும். பேசத் தொடங்குமுன் தந்த சம்மதம், என்ன சொல்லப்போகிறோம் என்று அவருக்கே தெரியாத நேரத்தில் தந்தது.

புளோ ரூமுக்குள் போகிற நிருபருக்கே ஆஸ்துமா இருந்தால்? துணி மாஸ்க்கும் சர்ஜிகல் மாஸ்க்கும் நுண்தூசியை நிறுத்தாது. என்95 வேண்டும், மூக்குக் கம்பியை அழுத்தி, ஓரத்தில் காற்றுப் புகாதபடி. தாடி இருந்தால் அது ஒட்டாது. நீலநிற இன்ஹேலர் வண்டிப் பெட்டியில் கிடந்தால் உதவாது, சட்டைப் பையில் இருக்க வேண்டும். பார்க்க வேண்டியதைச் சில நிமிடத்தில் பார்த்துவிட்டு, பேச வேண்டியதை வெளியே பேசலாம். இவ்வளவு சொல்லக் காரணம், அடுத்தவர் நுரையீரலைப் பற்றி அக்கறையாக எழுதும் பலர் தங்கள் நுரையீரலை அந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

ஒரு தாலுகா நிருபரின் நாளை எடுத்துக்கொள்வோம். காலை ஆறுக்குப் போன், ஏழுக்கு வண்டி. கலெக்டர் ஆபீஸ், ஸ்டேஷன், ஜிஎச், பிரஸ் மீட், நடுவில் ஒரு விபத்து. மதியச் சாப்பாடு நான்கு மணிக்கு. பதிப்புக்குச் செய்தி போய்ச் சேர ராத்திரி பத்து. 1955ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் நான்கு வாரத்துக்கு 144 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று எழுதிவைத்தது. அந்தக் கணக்குப்படி நாளொன்றுக்கு ஆறு மணி நேரம், வாரத்தில் ஆறு நாள். செய்திக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பகுதிநேர நிருபருக்கு நேரக் கணக்கே கிடையாது, பலருக்கு பிஎஃப், இஎஸ்ஐயும் கிடையாது. தொழிலாளர் உரிமை பற்றி எழுதுகிறவரின் நிலை இது. வருத்தமான விஷயம், இதை வெளிப்படையாகப் பேச வேண்டும்.

அந்த நாளில் போகும் இடமெல்லாம் டீ. கடை டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை, ஸ்பூனுக்கு நான்கு கிராம் என்று வைத்தால், எட்டு டீக்கு 64 கிராம். சேர்க்கும் சர்க்கரை நாளைக்கு 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 என்றால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பிரஸ் மீட் தட்டில் வரும் இனிப்பும் மிக்சரும் தனி. ‘சர்க்கரை கம்மி’ என்று ஒவ்வொரு கடையிலும் சொல்வது பழகிவிட்டால் பாதி தீரும். மீதிக்கு வீட்டு அரிசிம்பருப்பு ஒரு டிபன், பையில் ஒரு கை வறுத்த நிலக்கடலை போதும், நான்கு மணி வரை வயிறு காயாது.

பிரஷர் பார்ப்பதில்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஜிஎச்சில் யாரையோ பார்க்கப் போன இடத்தில், படியேறிய வேகத்தில், ஒரு டீயும் குடித்துவிட்டு, நின்றபடியே கையை நீட்டிப் பார்த்துக்கொள்வது. 150 காட்டினால் பயம், அடுத்த வாரம் 128 காட்டினால் மறந்துபோவது. டீ குடித்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் முட்டிக்கொண்டிருக்கக் கூடாது. முதுகு சாய்ந்து, பாதம் இரண்டும் தரையில் படிய, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் இருக்க வேண்டும், பட்டை சட்டைக்கு மேல் அல்லாமல் வெறும் கையில். ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது முறை பார்த்து இரண்டையும் தேதியோடு குறிக்க வேண்டும். பல நாள் இப்படிக் குறித்த எண்கள் 140க்கு 90ஐத் தொட்டால் மருத்துவரிடம் அந்தக் காகிதத்தோடு போகலாம். சர்க்கரைக்கு வெறும் வயிற்றில் 126, மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சியில் 6.5 என்பவை நோய் என்று சொல்லும் எல்லைகள். 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியபோது பக்கம் பக்கமாக எழுதினோம். வீட்டுக்கு வரும் அந்தப் பணியாளரிடம் நாமும் கை நீட்டலாம்.

தூக்கத்தைப் பற்றி ஒன்று. 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கை வேகமும், ரத்தத்தில் நூறு மில்லிக்கு 50 மில்லிகிராம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடும் என்று 2000இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிப்பது 30. காலை ஆறுக்கு எழுந்தவர் ராத்திரி பதினொன்றுக்கு அவிநாசி ரோட்டில் வீடு திரும்பும்போது அந்த நிலையில்தான் ஓட்டுகிறார். எண்ணிக்கை தவறுவதும் பேர் மாறுவதும் பெரும்பாலும் அந்த நேரத்து நகலில்தான். அதனால் இறந்தவர் பேர், வயது, மருந்தின் அளவு ஆகிய மூன்றையும் அந்த நேரத்தில் நினைவிலிருந்து எழுதக் கூடாது. நோட்டைப் பார்த்து, ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

விரல் என்றதும் கை வலி ஞாபகம் வருகிறது. ராத்திரியில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி மரத்துப்போய் எழுப்பினால் மணிக்கட்டு நரம்பு நெருக்கப்படுகிறது என்று சந்தேகிக்கலாம். சுண்டு விரல் மரத்தால் அது வேறு நரம்பு, பிரச்சினை பெரும்பாலும் முழங்கைப் பக்கம். போனில் செய்தி தட்டுகிறவர்களுக்குக் கட்டைவிரலின் அடிப்பகுதியில், மணிக்கட்டு ஓரத்தில் வலி வரும். இதற்குத் தமிழில் பேசித் தட்டச்சு செய்யும் வசதி நல்ல மாற்று. ஆனால் அது ‘மக்யா நாளு’ போன்ற நம் பேச்சைத் தெரிந்த வேறு ஏதோ சொல்லாக மாற்றிவிடும், மருந்துப் பேரைச் சிதைக்கும். மேற்கோளையும் எண்களையும் மட்டும் கையால் அடிக்க வேண்டும்.

உடம்பின் தேய்மானத்தையாவது எண்ணில் பார்க்கலாம். மனதில் படிவதைப் பார்ப்பது கடினம். 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளில் கோவையில் 58 பேர் செத்தார்கள். 2019 டிசம்பர் 2 விடியலில் மேட்டுப்பாளையம் நடூரில் சுவர் இடிந்து 17 பேர். அந்த நாட்களில் பிணவறை வாசலில் நின்று பேர்ப் பட்டியல் எழுதியவர்கள் மறுநாளே வேறு செய்திக்கு அனுப்பப்படுவதுதான் இந்தத் தொழிலின் வழக்கம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013ஆம் ஆண்டு நோயறி கையேடு, வேலையின் பொருட்டுத் திரும்பத் திரும்பக் கொடூர விவரங்களைப் பார்ப்பதையும் மனக்காயத்துக்கான காரணங்களில் சேர்த்தது. டிவி பார்க்கிறவருக்கு அது பொருந்தாது, வேலையாகப் பார்ப்பவருக்குப் பொருந்தும். ஆகவே டெஸ்க்கில் உட்கார்ந்து வீடியோ வெட்டுகிறவரும் இதில் சேர்த்திதான்.

வீடியோவைப் பார்த்தே ஆகவேண்டுமானால் முதலில் சத்தத்தை அணைக்கலாம். அலறல்தான் படத்தைவிட ஆழமாகத் தங்குகிறது. திரையில் சின்னக் கட்டமாக்கி, முடிந்தால் கறுப்பு வெள்ளையில் பார்க்கலாம். தேவையான நொடியைக் குறித்துக்கொண்டால் மறுபடி முழுவதையும் ஓட்ட வேண்டியதில்லை. படுக்கப் போகுமுன் கடைசி வேலையாக அதை வைத்துக்கொள்ளக் கூடாது. ஒரு மாதம் தாண்டியும் அந்தக் காட்சி கூப்பிடாமலே வந்தால், அந்த ரோட்டைத் தவிர்த்துச் சுற்றிப் போக ஆரம்பித்தால், சத்தம் கேட்டுத் தூக்கிவாரிப் போட்டால், அது பலவீனம் அல்ல, சிகிச்சை உள்ள ஒரு நிலை. அரசின் சுகாதார உதவி எண்ணான 104ஐயோ, ‘டெலி மானஸ்’ என்ற மனநல உதவி எண்ணான 14416ஐயோ அழைக்கலாம். தற்கொலைச் செய்திக்கு அடியில் நாம் அச்சிடும் அந்த எண்கள் நமக்கும் சேர்த்துத்தான்.

தற்கொலைச் செய்தி பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. முறையை விவரிக்காதே, இடத்தைக் காட்டாதே, தலைப்பில் பரபரப்பு வேண்டாம் என்று இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் 2019இல் நெறிமுறை தந்தது. இந்த மண்டலத்தின் செய்திகளில் ஒரு பொருளின் பேர் அடிக்கடி வந்திருக்கிறது. அதை இங்கே எழுத மாட்டேன். அந்தப் பேரைத் தலைப்பில் போட்ட ஒவ்வொரு முறையும், மனம் உடைந்த யாரோ ஒருவருக்கு நாம் வழி சொல்லிக்கொடுத்தோம் என்றே நினைக்கிறேன்.

இனி, நிருபர் தன் நோயைப் பற்றித் தானே எழுதுவது. மேலே அடுத்தவருக்காகக் கேட்ட எல்லாக் கேள்வியும் இதற்கும் உண்டு, ஆனால் கேட்க ஆளில்லை. அதனால் இரண்டு நோட்டு வைத்துக்கொள்வது நல்லது. ஒன்று யார் கண்ணுக்கும் காட்டாதது. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தங்களை உலுக்கிய அனுபவத்தைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். எழுதி முடித்த கையோடு மனநிலை கீழே இறங்கியது. ஆனால் நடந்ததையும் அதன் வேதனையையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் நோய் என்று மருத்துவமனை போனது குறைந்தது. அந்த எழுத்து அச்சுக்காக எழுதப்பட்டதல்ல என்பதை மறக்கக் கூடாது. பிழை, புலம்பல், கோபம் எல்லாம் அதில் இருக்கலாம். அச்சிடப்போகும் கட்டுரை இரண்டாவது நோட்டிலிருந்து வரட்டும், தேதி, பரிசோதனை எண், மருத்துவர் சொன்னது, நாம் தப்பாகப் புரிந்துகொண்டது என்று.

முதல் நோட்டை அப்படியே பதிவாக்கினால் என்ன ஆகும்? நம் நோயில் நம் வீட்டாரும் இருக்கிறார்கள். வலிப்பு, மனநோய், பிள்ளைப்பேறு சிக்கல், பரம்பரை வியாதி என்று எழுதினால், ஜாதகம் பார்க்க வரும் வீட்டார் மூன்று வருடம் கழித்தும் தேடிப் படிப்பார்கள், தங்கைக்கும் மகளுக்கும் அது போய்ச் சேரும். அப்படி நடப்பது நியாயமில்லை. மாற வேண்டும் என்றுதான் எழுதுகிறோம். ஆனாலும் நம் துணிச்சலுக்கு விலை கொடுக்கப்போகிறவரிடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். மருந்தின் பேரும் அளவும் எழுதவே கூடாது. ‘இவருக்குக் கேட்டதாம்’ என்று மெடிக்கல் ஷாப்பில் போய்க் கேட்பார்கள். சிகிச்சை நடக்கும்போதே எழுதினால், ‘இது எனக்கு இரண்டாவது மாதம்’ என்று கட்டுரைக்குள்ளேயே சொல்லிவிட வேண்டும். முடிவு தெரியாத நேரத்தில் எழுதிய நம்பிக்கையை, முடிவு என்று எண்ணி ஒருவர் தன் சிகிச்சையை விட்டுவிடக் கூடாது.

கடைசியாக, போன். நோயாளி காட்டிய டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட், மாத்திரை அட்டை எல்லாவற்றையும் படம் எடுத்திருப்போம். அவை கேலரியில் குழந்தையின் பிறந்தநாள் படத்துக்குப் பக்கத்தில் கிடக்கும். வாட்ஸப்பில் வந்தவை தானாகவே சேமிக்கப்பட்டிருக்கும். செய்தி வந்து, மறுப்போ திருத்தமோ வருமா என்று பார்த்து, ஆசிரியரிடம் ஒப்படைக்க வேண்டியதை ஒப்படைத்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். கூகுள் போட்டோஸில் நீக்கினால் குப்பைத் தொட்டியில் 60 நாள் வரை இருக்கும், அதையும் காலி செய்ய வேண்டும். லேப்டாப்பில் ஒரு பிரதி இருக்கும். டெஸ்க்குக்கு அனுப்பிய குரூப்பில் இன்னொன்று. அது எத்தனை பேர் போனில் இறங்கியிருக்கிறது என்று பார்த்து, ஒவ்வொருவரையும் கூப்பிட்டு அழிக்கச் சொல்ல வேண்டும்.